கல்யாணப் பத்திரிகைக்கு அடியில்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வழக்கம். லைனில் நின்று காருக்கு வயர் கட்டும் பெண்களில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து எச்.ஆர். அறைக்குப் போக வேண்டும். பத்திரிகைக்கு அடியில் ராஜினாமாக் கடிதம் இருக்க வேண்டும். எச்.ஆர். எழுந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டு வாழ்த்துவார். பரிசாக ஒரு குக்கர் கிடைக்கும். ஆண்களுக்கும் குக்கர் உண்டு, கடிதம்தான் கிடையாது.

நானும் தட்டோடு போனேன். கடிதம் வைக்கவில்லை. ஆறு வருஷம் கால் கடுக்க நின்று கற்ற வேலையை நான் எதற்கு விட வேண்டும்? அவர் பத்திரிகையைத் தூக்கிப் பார்த்தார். வெற்றிலையையும் தூக்கிப் பார்த்தார்.

"லெட்டர் எங்கம்மா?"

"வேலைய விடலீங்க சார். கல்யாணந்தான் பண்ணிக்கறேன்."

தாலிக்கயிற்றில் மஞ்சள் மங்கும் முன்பே வேலைக்குப் போனேன். என் பேர் லிஸ்டில் இல்லை என்று செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். வழக்குப் போட்டேன். பக்கத்துத் தளி ஊரில் முட்டைக்கோஸ் பயிர் போடும் என் வீட்டுக்காரர், கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டுமென்று நமக்கென்ன தலையெழுத்தா என்று புலம்பினார். பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரை கேஸ் இழுத்தது. கடைசியில் ஹைகோர்ட், கல்யாணத்தைக் காட்டிப் பெண்ணை மட்டும் வெளியே அனுப்புவது பாகுபாடு, வேலையைத் திருப்பிக் கொடு என்றது. நான் அழுதேன். புலம்பிய மனுஷன் தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

திரும்பிப் போனபோது பழைய லைனிலேயே விட்டார்கள். ஆனால் ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்காகடி இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தேன் என்று கேட்டேவிட்டேன்.

பேரிகை ஊரிலிருந்து வேலைக்கு வருகிற ஒருத்தி மட்டும் நின்றாள். "தீர்ப்பு வந்ததுல இருந்து பொம்பளப் பிள்ளைங்கள எடுக்கறதே இல்லக்கா. எந் தங்கச்சி இன்டர்வியூக்கு வந்தா. பசங்க மட்டுந்தான்னு கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க."

அடப்பாவிகளா! இருக்கிற பெண்ணை அனுப்பாதே என்றுதான் தீர்ப்பில் இருந்தது. புதிதாக எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அந்தப் படுபாவிகள் அந்த ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தங்கச்சி இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"வேலையில்லாம வீட்டுல எதுக்குன்னு வர்ற மாசம் கட்டிக் குடுக்கறாங்க. நீங்க மட்டும் வந்துராதீங்க."