குவித்து அளந்த அரிசி

அன்றைக்கு எங்கள் அடுப்படியில் இருந்தது மூன்றே பேர். வாணலிக்கு முன்னால் அக்கா, மாவுத் தவலைக்குப் பக்கத்தில் நான், நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பெண்வீட்டுத் தாய்மாமன். அக்கா என்று நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை. திருமானூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து அதிரசம் சுட்டுக்கொடுக்க ஆரம்பித்ததும் வந்த முதல் கல்யாண ஆர்டர் அது. மறுநாள் காலையில் சீர்த்தட்டு கீழப்பழுவூருக்குப் போக வேண்டும்.

முதலில் வெந்ததைத் தாய்மாமன் கையில் கொடுத்தோம். ஓரமெல்லாம் வெடித்திருந்தது. கடித்துப் பார்த்தவர், "ஏம்மா, மாப்பிள்ளைக்குப் பல்லு வேணும்மா" என்று சிரித்தார். ஆனால் கிளம்பும்போது சிரிப்பு இல்லை. "பொழுது சாயறதுக்குள்ள சரியா வந்தா போன் பண்ணுங்க. இல்லன்னா அரியலூர்க் கடையில சொல்லிடறேன்."

நான் பஸ் ஏறிய பிறகும் அடுப்பை அணைத்தோமா என்று இறங்கி ஓடிவருகிற ஆள். முதல் ஆர்டரே திரும்பினால் இந்தப் பக்கத்தில் இனி எந்தக் கல்யாண வீட்டில் எங்களைக் கூப்பிடுவார்கள்? மாவு அதே மாவு, பாகும் அதே பதம். படிக்கு ஒரு கிலோ வெல்லம் என்பது என் பிறந்த வீட்டுக் கணக்கு, ஒருநாளும் தப்பியதில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் கேட்டேன்: "அக்கா, அரிசிய வழிச்சுத்தான அளந்தீங்க?"

"கல்யாண வூட்டு அரிசிய எவளாவது வழிச்சு அளப்பாளா? வாலிகண்டபுரத்துல எங்க வூட்டுல குமிச்சுத்தான் அளப்போம். வழிச்சா போற எடத்துல பொண்ணுக்குக் குறை வந்துடும் புள்ள."

அரிசி படியில் குவிந்து நின்றிருக்கிறது. வெல்லமோ கடையில் கிராம் பிசகாமல் எடை போட்டு வந்திருக்கிறது. மளிகைக்கடைக்கு ஓடித் தராசை இரவல் வாங்கிவந்தேன். மிச்சமிருந்த அரிசியில் ஒரு படி குவித்து நிறுத்தேன், பிறகு வழித்து நிறுத்தேன். வழித்த படி ஒன்றரைக் கிலோ. குவியல் மட்டும் இருநூறு கிராம்.

"கல்யாணச் சாமானத் தராசுல ஏத்துறியே, இது என்ன பழைய இரும்பா?" என்றார் அக்கா. "கணக்கு வராமத்தான எட்டாவதோட நின்ன?"

"ஆமாக்கா. அதான் ரெண்டு தடவ போட்டுப் பாக்கறேன்."

நாங்கள் போட்டிருந்தது பத்துப் படி. அப்படியானால் இரண்டு கிலோ அரிசி கூடுதல். அதற்கு ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலாகவே வெல்லம் வேண்டும். அக்காவுக்கு மனமில்லை. இருக்கிற மாவும் கெட்டுவிடும் என்றார். "கெட்டா என் பேரச் சொல்லுங்க" என்று நானே பாகை வைத்தேன். என் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்தது எனக்கே ஆச்சரியம். சூட்டோடு ஊற்றி, தோள் வலிக்கப் பிசைந்து, மூடிவைத்தோம். மதியம் முழுக்க மூடியைத் திறந்து திறந்து பார்த்து அக்காவிடம் திட்டு வாங்கினேன்.

வெயில் இறங்கியதும் ஒன்று தட்டிப் போட்டோம். வெடிக்காமல் உப்பி எழுந்தது. அக்கா பிட்டார், பஞ்சாகப் பிரிந்தது. போனை எடுத்து, "அண்ணே, கடைக்கெல்லாம் போவாதீங்க. விடிய வண்டிய அனுப்புங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த கல்யாணத்துக்கும் நான் குமிச்சுத்தான் அளப்பேன். அப்பறம் நீ தராசுல வச்சுக்க" என்றார்.

இப்போது அக்கா பெரம்பலூரில் தனியாக அடுப்பு போட்டிருக்கிறார். நான் திருமானூரிலேயே இருக்கிறேன். பயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்கிறேன்.