ஓடுறமாதிரி ஒரு படம்

என் கமரா அதுவரைக்கும் அசையாமல் நிற்பவற்றை மட்டுமே பார்த்துப் பழகியிருந்தது. கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வாவி வந்துவிடும். விடியற்காலையில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும், நான் கரையில் குந்தியிருப்பேன், இருவருக்கும் அவசரம் கிடையாது. அலுவலகத்திலும் இதே கதைதான். நான் படவரைஞன். வாய்க்காலையும் அணைக்கட்டையும் கோடுகளாகக் கீறுவது என் வேலை. எந்த அணைக்கட்டும் என்னைத் தாண்டி ஓடியதில்லை.

என் மனைவி ஆரையம்பதியில் ஆசிரியை. அவளையும் இன்னும் இரண்டு ஆசிரியைகளையும் தினமும் ஏற்றிக்கொண்டு போவது ஒரு சிவப்பு ஓட்டோ. ஓட்டுவது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு தங்கச்சி. அவளுடைய கணவர் கட்டாரில் பாரந்தூக்கி இயந்திரம் இயக்குகிறார். அவர் போன பிறகுதான் இவள் ஓட்டோ ஓடப் பழகி, அனுமதிப்பத்திரம் எடுத்து, வீதியில் இறங்கினாள்.

ஒருநாள் காலை மனைவி செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் அந்தத் தங்கச்சி என்னைக் கேட்டாள்.

"அண்ணன், கொக்குக்குத்தான் படம் எடுப்பீங்களா? எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்க."

"அதுக்கென்ன, ஓட்டோவுக்குப் பக்கத்தில நில்லுங்க."

"நிண்டு எடுத்தது நிறையக் கிடக்கு. நான் ஓடிப் போறமாதிரி வேணும். இவர் நம்புறார் இல்ல. வேற ஆற்றயோ ஓட்டோவுக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்து அனுப்புறாய் எண்டு பகிடி பண்ணுறார்."

"வீடியோ எடுத்து அனுப்பலாம்தானே?" என்றாள் என் மனைவி.

"அனுப்பினன் ரீச்சர். பாத்தார், சிரிச்சார், மறுகா போன் நிறைஞ்சிட்டு எண்டு அழிச்சுப்போட்டார். படம் எண்டாக் கழுவி அனுப்பலாம். கட்டிலுக்கு மேல ஒட்டிவைப்பார்."

இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வாவியோர வீதியில் நின்றேன். வாவி பின்னணியில் வரவேண்டும் என்பதற்காக எதிர்ப்பக்கத்து வீட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டேன். வேகமாக ஓடும் வாகனத்துக்கு வேகமான ஷட்டர்தான் சரி என்று கணக்குப் போட்டு, ஆயிரத்தில் ஒரு விநாடி வைத்தேன். ஓட்டோ பாய்ந்து வந்தது, நான் அழுத்தினேன். படம் அற்புதமாக வந்திருந்தது. முன்கண்ணாடியில் தொங்கிய குஞ்சத்தின் நூல்களைக்கூட எண்ணலாம். அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன், இது நடுரோட்டில எண்ணெய் முடிஞ்சு நிக்கிறமாதிரி இரிக்கு."

உண்மைதான். சில்லு சுற்றுகிறது என்பதற்குப் படத்தில் ஒரு சாட்சியும் இல்லை. அதனால் மறுநாள் ஷட்டரை மெதுவாக்கி, முப்பதில் ஒரு விநாடிக்குக் கொண்டுவந்தேன். இந்தமுறை வீதியும் வாவியும் தெளிவாக இருந்தன. ஓட்டோவைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு சிவப்புத் தீற்றல்.

"சம்பல் அரைச்சு ரோட்டில இழுத்து விட்டிரிக்கு," என்றாள் என் மனைவி.

வெட்கமாகப் போய்விட்டது. இணையத்தில் தேடிப் படித்தேன். ஷட்டர் மெதுவாக இருப்பது சரிதான், ஆனால் கமரா சும்மா நிற்கக்கூடாதாம். வாகனம் போகிற வேகத்திலேயே கமராவும் கூடத் திரும்பவேண்டும். அப்படித் திரும்பினால் வாகனம் சட்டத்துக்குள் ஓரிடத்தில் தங்கித் தெளிவாக விழும், மற்றதெல்லாம் கோடு கோடாக இழுபடும். கால்கள் இரண்டும் வாகனம் நமக்கு நேரே வரப்போகிற இடத்தைப் பார்த்து நிற்கவேண்டும். இடுப்பை மட்டும் வாகனம் வரும் திசைக்கு முறுக்கி, முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து, அது நெருங்க நெருங்க முறுக்கை அவிழ்த்துக்கொண்டே வரவேண்டும்.

முற்றத்தில் கமரா இல்லாமல் இதைப் பழகினேன். துணி காயப்போட வந்த மனைவி சிறிது நேரம் நின்று பார்த்தாள்.

"இடுப்புப் பிடிச்சிட்டா?"

அதன்பிறகு சனி ஞாயிறுகளில் காலை ஆறரைக்கு வீதியில் நின்றேன். எட்டு மணிக்குமேல் நின்று பயனில்லை. வெயில் ஏறினால் மெதுவான ஷட்டரில் படம் வெளிறிப்போகும். பஸ், லொறி, மோட்டார் சைக்கிள் என்று வந்ததையெல்லாம் துரத்தித் துரத்தி எடுத்தேன். ஆனால் ஒரு விசித்திரம். தூரத்தில் சீறிக்கொண்டு வரும் வாகனங்கள் என்னைக் கண்டதும் மாட்டுவண்டிபோல ஊர்ந்தன. எதிரெதிரே போனவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கை அணைத்து எரித்துக் காட்டினார்கள். ஹெல்மெட்டை எண்ணெய்த் தாங்கியின்மேல் வைத்துக்கொண்டு வந்த ஒருவர் அவசர அவசரமாக அதைத் தலையில் கவிழ்த்தார். அது பின்பக்கம் முன்னால் இருந்தது. அப்படியே எனக்கு வணக்கமும் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் இவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் இருப்பதை நினைத்து எனக்குச் சந்தோஷம். அதேவேளை வேகமாகப் போக ஒரு வாகனமும் இல்லையே என்ற கவலையும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மோட்டார் சைக்கிளில் பொலிஸ்காரர் இருவர் வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். பின்னால் இருந்த மூத்தவர் இறங்கினார்.

"என்ன அண்ணன், எங்கட வேலைய நீங்க பாக்கிறீங்களாம்?"

"விளங்கயில்ல சேர்."

"வேகம் பிடிக்கிற மெசினோட ஆரோ நிக்கிறாங்க எண்டு ஊரெல்லாம் கதை. நாங்க ஒருத்தரையும் இஞ்ச போடல்ல. அதுதான் ஆரெண்டு பாத்திட்டுப் போக வந்தம்."

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. கமராவை நீட்டினேன். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மங்கிய பஸ், தலையில்லாத லொறி, பாதி மோட்டார் சைக்கிள். இருபது முப்பது படம் பார்த்த பிறகு இளையவரிடம் கமராவைக் காட்டினார்.

"இவரால ஒருத்தரையும் பிடிக்க ஏலாது. நம்பர்கூடத் தெரியுதில்ல."

ஓட்டோக்காரத் தங்கச்சியின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டினார். "இந்த மதிலோட நிக்காதீங்க, இடமில்ல, லொறி தட்டிப்போடும். அந்தப் பக்கம் மணல் அகலமா இரிக்கு, அங்க நில்லுங்க." மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு திரும்பி, "ஆனா நில்லுங்க, நல்லம்," என்றார்.

அவர் பாதுகாப்புக்குச் சொன்னது எனக்குப் படத்துக்கு உதவியது. வாவிப் பக்கம் போனதால் வாவி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எதிரே மஞ்சள் மதில், குரோட்டன் செடிகள், ஒரு பலசரக்குக் கடை, அதன் பெயர்ப்பலகை, தொங்கும் வாழைக்குலை. அழுத்திப் பார்த்தேன். எல்லாம் நிறநிறமாக இழுபட்டு ஓடின. அப்போதுதான் பிழை புரிந்தது. நீரும் வானமும் ஒரே நிறம். அதை எவ்வளவு இழுத்தாலும் இழுத்தது தெரியாது. அழகு என்று நான் பிடிவாதமாக வைத்திருந்த வாவிதான் ஓட்டோவை ஓடவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளை வரச் சொன்னேன். எட்டுத் தடவை போய் வந்தாள். கோடுகள் நன்றாக விழுந்தன. ஓட்டோ மட்டும் நடுங்கியது, முகம் இரண்டாகத் தெரிந்தது. ஒன்பதாவது தடவைக்கு முன் வண்டியை ஓரங்கட்டினாள்.

"அண்ணன், ஒண்டு சொல்லட்டா? கோவிக்கப்படாது."

"சொல்லுங்க."

"உங்களைத் தாண்டினதும் நான் கண்ணாடியில பாக்கிறனான். டிக் எண்டு அமத்தினதும் நீங்க மரம்மாதிரி நிண்டுபோடுறீங்க. நான் போன பிறகும் கிறுகுங்க, என்னோடயே திரும்புங்க. படம் எடுத்து முடிஞ்சிட்டு எண்டு நினைக்கப்படாது. உங்களுக்கு என்ன அவசரம்?"

இணையத்திலும் அது எழுதியிருந்தது. நான்தான் படித்துவிட்டுத் தாண்டியிருந்தேன். அழுத்தும் கணத்தில் உடம்பு தானாக நின்றுவிடுகிறது. கொக்கிடம் கற்ற பழக்கம்.

அவள் தூரத்தில் திரும்பி, நாற்பதில் வந்தாள். ஓட்டோவை விட்டுவிட்டு அவளுடைய முகத்தை மட்டும் சட்டத்தின் நடுவில் பிடித்தேன். அதோடு திரும்பினேன். விரல் எப்போது அழுத்தியது என்று எனக்கே தெரியவில்லை. அவள் கடந்து போன பிறகும் திரும்பிக்கொண்டே போய், இடுப்பு இனி முடியாது என்ற இடத்தில்தான் நின்றேன்.

திரையில் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, பாதி சிரிப்போடு, நேரே வீதியைப் பார்க்கும் முகம். காதோரம் பறக்கும் முடி. கைப்பிடியை இறுக்கிய விரல்கள். முன்சில்லு ஒரு தட்டாக மாறியிருந்தது. கடையும் வாழைக்குலையும் மதிலும் மஞ்சளும் பச்சையுமாகக் கரைந்து பின்னால் பறந்தன. எந்தக் கொக்கும் எனக்கு இப்படியொரு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

அவள் கமராவை வாங்கிப் பார்த்தாள். பிறகு வீதியைக் கடந்து கடைக்குப் போய், அங்கே சாமான் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் காட்டினாள். "பாருங்க கா, நான்தான்!"

படத்தைக் கழுவி, மட்டையில் வைத்து, தபாலில் அனுப்பினோம். அதற்கு முன்பே போனிலும் அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை காலை ஓட்டோ வந்ததும் நானும் மனைவியும் வாசலுக்கு ஓடினோம்.

"என்ன சொன்னார்?"

"பின்சில்லுக்குக் காத்துப் போதாதாம்."

மூவரும் பின்னால் போய்ப் பார்த்தோம். போதாதுதான். மனைவி அடக்க முடியாமல் சிரித்தாள். அவளும் கோபத்தோடு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அறையில இரிக்கிற எல்லாருக்கும் காட்டினவராம். ஓடுறது என்ட பெண்சாதி எண்டு சொன்னவராம்."

செய்தி பரவி, பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக, பேக்கரியில் சுட்ட பாணும் பணிசும் விற்கும் ஓட்டோக்காரர் ஒருநாள் என்னிடம் வந்தார். அவருக்கும் அதேமாதிரி ஒன்று வேண்டுமாம். அவர் நடைவேகத்தில் போகிறவர். அந்த வேகத்துக்கு எதுவும் இழுபடாது. "எங்கயும் நிக்காம வேகமா வாங்க," என்றேன்.

அவர் பாட்டோடு கிளம்பினார். பாட்டைக் கேட்டு ஒரு வீட்டிலிருந்து ஒரு அக்கா பையோடு வெளியே வந்தார். பாண் நிற்காமல் போவதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. "பாண்! பாண்! நில்லுங்க!" என்று கூடவே ஓடினார். நான் சொன்ன சொல்லை மீறக்கூடாது என்று பாண்காரர் நிறுத்தவில்லை. நான் திரும்பிக்கொண்டே அழுத்தினேன்.

ஒரே வேகத்தில் போகும் இரண்டும் ஒரே தெளிவோடு விழும் என்பதை அன்று கற்றேன். படத்தில் பாண் ஓட்டோ துல்லியம். பக்கத்தில் வாயைத் திறந்தபடி, பையை உயர்த்தி, பறக்கும் அந்த அக்காவும் துல்லியம். உலகம் மட்டும் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

பாண்காரர் வந்து மன்னிப்புக் கேட்டு இரண்டு பணிஸ் கொடுத்தார். அக்கா மூச்சு வாங்கியபடி படத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ட மத்தச் செருப்பு எங்க?"

மூவரும் தேடினோம். மதிலோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தது.