அம்மாவின் லில்லிப் பாத்தி

எங்கள் அப்பா யாருக்கும் பயப்படாதவர் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. குன்னூர்ப் பக்கம் வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. வாரமெல்லாம் வெடிமருந்தோடு புழங்குகிற மனிதருக்கு அம்மாவின் பூப்பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசத் தைரியம் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மா கோயம்புத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் குளிரையும் மழையையும் பார்த்து அழுதவளுக்கு இந்த ஊரைப் பிடிக்கவைத்தது வாசலில் இருந்த வெள்ளை லில்லிப் பாத்திதான். குவார்ட்டர்ஸ் தோட்டப் போட்டியில் வருடா வருடம் அவளுக்குத்தான் முதல் பரிசு. கப்புகள் டிவி மேல் வரிசையாக நிற்கும். எங்கள் பந்து பாத்திக்குள் விழுந்தால் அன்று வீட்டில் சோறு கிடைப்பதே சந்தேகம்.

ஞாயிறானால் அப்பாவும் ஃபேக்டரி நண்பர்கள் சிலரும் வீட்டுக்குக் கீழே இருந்த ஊற்றுப் பள்ளத்தில் இறங்கி, வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே மண்டிய செடிகளைப் பிடுங்குவார்கள். அது ஒரு படுகர் விவசாயியின் நிலம். அவரை நாங்கள் கவுடர் என்போம். பள்ளத்தில் கால்வாய் வெட்டி, தண்ணீரை வடித்துவிட்டு கேரட் போட நினைத்திருந்தார். வடித்தால் இந்த மலைக்கே உரிய கோரையும் காட்டுக் காசித்தும்பையும் தவளைகளும் போய்விடும், ஊற்றும் வற்றிவிடும் என்று அப்பா கெஞ்சினார். பள்ளத்தை அப்படியே விட்டுவைத்தால் அந்த வெளிச்செடிகளை நாங்களே தொடர்ந்து பிடுங்குகிறோம், மேட்டில் உங்கள் கேரட்டுக்கும் களையெடுத்துத் தருகிறோம் என்பது பேச்சு. கவுடர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பதில் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். போட்டிக்கு நடுவர்கள் வரப்போகிற வாரம் அது. லில்லி பூத்துக் குலுங்கியது. டீ டம்ளரோடு வாசலில் நின்ற கவுடர் பாத்தியைப் பார்த்தார். பாத்தி ஓரத்து ஓடை நேராகக் கீழே இறங்குவதையும் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, எங்க பள்ளத்துல உங்கூட்டுக்காரரு வாராவாரம் புடுங்கறது இந்தச் செடியத்தானுங்களே?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் டம்ளருக்குள் பார்த்தார்.

“நீங்க இங்க வளத்துவீங்க, வெதை தண்ணியோட அங்க வரும், மறுக்கா புடுங்குவீங்க. இது ஆகற காரியமில்லீங்க. நான் கால்வாயே வெட்டிக்கறேன்.” அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அப்பாவை இன்னும் கலங்கடித்தது.

அம்மா விருட்டென்று உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். மண்வெட்டியோடு திரும்பி வந்தாள்.

“கொஞ்சம் இருங்க கவுடரே, பாத்துட்டுப் போங்க” என்று சொல்லி, பூத்து நின்ற செடியின் அடியிலேயே முதல் வெட்டைப் போட்டாள். பிறகு அப்பாவிடம், “ஏனுங்க, நின்னுட்டே இருந்தா? ஒரு கெழங்கு மண்ணுல தங்கக் கூடாது. உங்களுக்குத்தான் நல்லாப் பழக்கமாச்சே” என்றாள்.

நான் ஓவென்று அழுதேன். யாரும் கவனிக்கவில்லை. கவுடர் டம்ளரை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழங்கு பொறுக்கினார். கிளம்பும்போது, “பள்ளம் அப்படியே இருக்கட்டுங்க” என்றார்.

நடுவர்கள் வந்த அன்று வெறும் பாத்திக்குப் பக்கத்தில் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா, இந்த வருஷம் தோட்டம் போடலையா?”

“போட்டிருக்கேனுங்க. கீழ எட்டிப் பாருங்க.”

அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சேறும் கோரையும்தான் தெரிந்தன. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. கவுடரின் கேரட்டுக்கு இன்றுவரை அந்த ஊற்றுதான். மழைக்காலத்தில் காசித்தும்பை பூக்கும்போது என் பிள்ளைகளைக் கூட்டிப்போய், “இது உங்க அம்மிச்சி தோட்டம்” என்று காட்டுகிறேன். சொல்லும்போதெல்லாம் பெருமை தாங்கவில்லை.

அன்று மட்டும், அம்மா தோற்றுப்போனாள் என்று வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். கப் வாங்கிய எந்த வருடத்திலும் அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. அது என் கண்ணில் பட்டது, புத்தியில் ஏறவில்லை.