பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் தண்டனை

புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் குற்ற வழக்கில் சிக்கி, சில நாட்களில் வெளியே வந்துவிட்டார் என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடும்போதெல்லாம், ஐரோலியிலுள்ள என் மகன் வீட்டில் ஒரு விவாதம் எழும். பேருள்ளவருக்கு ஒரு நீதி, பேரற்றவருக்கு ஒரு நீதி என்பான் மகன். பேருள்ளவரைத்தான் ஊரே கல்லெறிகிறது என்பாள் மருமகள். என் கருத்தைக் கேட்பார்கள். எனக்குக் கருத்து இல்லை. தாராவியில், பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, இந்த விஷயத்தில் நான் ஒரே ஒருமுறை வாய் திறந்திருக்கிறேன். அதன் பலன் இன்னதென்று இன்றளவும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

என் தாயாரின் தம்பியாகிய மாமா, தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே நடத்திய சங்கத்தின் கபடி அணியில் ஓரத்தில் நின்று எதிராளியின் காலைப் பிடிப்பவர். அதே அணியின் முதல் ஆட்டக்காரரான செல்லையா அப்படியல்லர். அவர் எதிர்க்களத்துக்குள் பாடிக்கொண்டு புகுந்தால், சயானிலிருந்து வந்து மரத்திலேறி நிற்பவர்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கம்பெனி தன் அணிக்காகவே அவருக்கு உத்தியோகம் கொடுத்திருந்தது. எங்கள் சந்துப் பிள்ளைகள் அவரைப்போலவே இடது தோளைச் சாய்த்து நடந்தோம்.

அந்தக் கார்த்திகை மாதத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில், நடுவர் தவறாக விசில் ஊதிவிட்டார் என்று சண்டை மூண்டது. மாமாவும் செல்லையாவும் அவரை அடித்தார்கள். இருவரும் அடித்ததை நான் கண்ணாரக் கண்டேன். நடுவருக்குப் போனவை இரண்டு பற்கள்; ஆளுக்கொன்று என்று எங்கள் சந்து நியாயமாகப் பங்கிட்டுக்கொண்டது.

நீதிமன்றம் அவ்வாறு பங்கிடவில்லை. செல்லையாவுக்காகக் கம்பெனி வக்கீல் வந்தார். மாமாவுக்காக என் தாயார் வந்தார். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மாநில அணிக்குத் தேர்வாகும் தறுவாயில் உள்ளவர், வருங்காலம் கெடக்கூடாது என்று செல்லையாவை நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். மாமாவுக்கு மூன்று மாதச் சிறை.

மாமாவுக்கு வைகாசியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. செம்பூரிலிருந்த பெண்ணின் தகப்பனார் ஆள் அனுப்பினார். ஜெயிலுக்குப் போனவனுக்குப் பெண் கொடுப்பது எப்படி என்று கேட்டிருந்தார். ஆனால், செல்லையா செய்ததைத்தான் இவனும் செய்தான், ஒரு மயிரிழையும் கூடுதல் இல்லை என்று சங்கம் எழுதிக்கொடுத்தால் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொல்லியனுப்பியிருந்தார். செல்லையா செய்த தவறு எப்படி இழிவாகும் என்பது அவர் எண்ணம்போலும். அந்த ஒரு காகிதத்தில் தம்பியின் வாழ்வு நிற்கிறதென்று என் தாயார் ஞாயிறு காலையில் என்னையும் கைப்பிடித்துச் சங்கத்துக்குப் போனார்.

கல்யாண அண்டாக்களும் வெற்றிக் கோப்பைகளும் ஒன்றாக அடுக்கியிருந்த அந்த அறையில், தலைவர் சிக்கலை விளக்கினார். ஒரே குற்றம் என்று எழுதினால் ஒரே தண்டனையும் கொடுக்க வேண்டும். அது சங்கத்தின் விதி. செல்லையாவை மூன்று மாதம் களத்தில் இறக்காமல் வைப்பதே பொருத்தம். ஆனால் பொங்கல் போட்டிக்கு ஆறு வாரமே இருந்தது. நெடுநேரம் யோசித்துப் பொருளாளர் ஒரு வழி கண்டார். தண்டனையை இன்றே எழுதிவிடுவது; அது பொங்கல் கழித்துத் தொடங்கும். அறை முழுவதும் பெருமூச்சு விட்டது. என் தாயாரும் தலையசைத்தார். அவருக்கு வேண்டியது காகிதம்.

எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. பிடித்ததனாலேயே கேட்டேன்.

"அப்ப எங்க மாமாவையும் பொங்கல் முடிஞ்ச பொறவு ஜெயில்ல போட்டிருக்கலாம்லா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். தாயார் என் தொடையில் நிமிண்டினார். கதவோரம் நின்றிருந்த செல்லையா என்னையே பார்த்தார். பிறகு தலைவரிடம் சொன்னார்:

"புள்ள கேக்கதுல தப்பு இல்ல அண்ணாச்சி. இன்னையில இருந்தே எழுதிக்கிடுங்க. நான் எறங்கல."

"எலேய், ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஃபைனல்ல யாரு பாடிப் போவா, ஒங்க அப்பனா?" என்றார் தலைவர்.

தண்டனை அன்றிலிருந்தே என்று காகிதம் எழுதப்பட்டது; தலைவர் பேனாவை அழுத்தியதில் அது ஓரிடத்தில் கிழிந்தது. தாயார் அதைச் செம்பூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவ்வளவில் எல்லாம் சரியாகிவிட்டதென்று நான் நம்பினேன்.

பொங்கலன்று செல்லையா வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கயிற்றுக்கு வெளியே நின்றார். மாநில அணிக்கு ஆளெடுப்பவர்கள் அன்று வந்திருந்தார்கள். ஆடாதவரை அவர்கள் எப்படி எடுப்பார்கள்? எங்கள் அணி மூன்று புள்ளியில் தோற்றது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தகப்பனார், ஆட்டம் முடியுமுன்பே எழுந்து செருப்பைத் தேடினார். மறுவாரம் அந்தக் காகிதம் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. ஊர்க் கோப்பையைத் தொலைத்த குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம் என்றார்களாம். குழாயடியில் என் தாயாரின் குடத்துக்கு எவரும் இடம் விடவில்லை. "ஒம்மவ பெரிய ஜட்ஜுல்லா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தாயார் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

மாசியில் மாமா வந்தார். குளித்துவிட்டு, தட்டின் முன் உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது பொங்கல் போட்டியைப் பற்றித்தான். தாயார் நடந்ததையெல்லாம் சொன்னார். திருமணம் நின்றதையும் சொன்னார். மாமாவுக்காக நியாயம் கேட்டவள் நான்; என்னைத் தூக்கிக்கொள்வார் என்று கதவருகே நெருங்கி நின்றேன்.

"அவன எதுக்குட்டி நிறுத்துனிய?" என்றார் மாமா, என்னைப் பார்த்து. சோற்றைப் பிசைந்தபடியே விட்டு எழுந்தார்.

அவர் விரைந்து போன திசையைக் கண்டு, செல்லையாவை அடிக்கப் போகிறார் என்று எண்ணிப் பின்னால் ஓடினேன். மூன்று மாதம் உள்ளே இருந்தவருக்கு அதற்கு உரிமை உண்டு என்றுகூட எனக்குப் பட்டது. செல்லையா தம் வீட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமாவைக் கண்டதும் எழுந்து, அடி வாங்க ஆயத்தமானவர்போல் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். மாமா அந்தக் கைகளை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருடே. எங்க வீட்டாளுகளால ஒன் ஆட்டம் போச்சு."

செல்லையா தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் தோள் குலுங்கியது. சிறைக்குப் போய்வந்தவர் போகாதவரிடம் ஏன் மன்னிப்புக் கேட்கிறார், கேட்கப்பட்டவர் ஏன் அழுகிறார், இவர்களில் யார் யாருக்குத் தீங்கு செய்தவர் என்று எனக்கு விளங்கவில்லை. நான் செய்தது சரியா தவறா என்பதையாவது இருவரில் ஒருவர் சொல்வார் என்று வாசலில் காத்து நின்றேன். அவர்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.