பதினோராவது கேள்வி

நீங்கள் விடுப்பில் இருக்கும்போது உங்கள் வேலையை யார் செய்வார்கள்?

இந்தக் கேள்விக்கு நான் இரண்டு முறை பதில் எழுதிவிட்டேன். இரண்டும் வேறு வேறு பதில்கள். எதை எழுதியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கண்ணாடி வைத்த சின்ன அறை. அதில் நானும் ஓர் அக்காவும் மட்டும். அக்கா திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மெஷினிலிருந்து வரும் ரப்பரை வெட்டிப் பார்ப்பார், கருவியில் அழுத்தி அளவெடுப்பார், உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் தூக்கிப் போடுவார். அவர் சொல்லும் அளவுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சான்றிதழ் போடுவேன். அந்தத் தாள் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது.

நான் மகளைச் சுமந்திருந்த மாதங்களில் அக்கா என் வேலையைக் கற்றுக்கொண்டார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்துப் பழகினார். அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கருவியைப் பிடிக்கப் பழகினேன். அதன்பிறகு யாருக்கு அவசரமோ அவர் கிளம்புவார், மற்றவர் பார்த்துக்கொள்வார். மேலதிகாரியிடம் கேட்பதுகூடக் கிடையாது. எங்கள் கம்பெனியில் எல்லாப் பிரிவிலும் இப்படித்தான். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன வருடம் வெளிமாநிலத்துக் கம்பெனி ஒன்று எங்களை வாங்கியது. முதல் கூட்டத்தில், இனி நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பலமுறை சொன்னார்கள். கேக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் கொள்முதல் பிரிவில் இருந்த நான்கு பேரைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கயிற்றால் கட்டி, எங்கள் அறைக்கு வெளியே வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

நான் கோச்சடையிலிருந்து கம்பெனி வேனில் போகிறேன். வேன் ஓட்டும் அண்ணன் எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். "என்னம்மா, வாரத்துக்கு ஒரு சீட்டு காலியாகுது? இப்படியே போனா நானும் ஸ்டியரிங்கும்தேன் கப்பலூர் போவோம் போல" என்றார் ஒருநாள். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த ஒருவர், "அண்ணே, ஒங்க சீட்டுக்கும் ஆளு பாக்குறாகளாம்ல" என்றார். அன்றிலிருந்து அண்ணன் பாட்டுக்கூடப் போடுவதில்லை.

அந்த நேரத்தில்தான் படிவம் வந்தது. ஒவ்வொருவரும் தன் வேலையைப் பற்றிக் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். பன்னிரண்டு கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். அக்காவுக்கு நான்தான் படித்துச் சொல்லி நிரப்பினேன்.

"தினமும் என்னென்ன செய்யுறீங்கன்னு கேக்குறாங்கக்கா."

"என்னத்தப் பெருசா செய்யுறேன்? ரப்பரப் பாத்து வைக்கிறேன். அம்புட்டுத்தேன்."

"அப்படியா எழுதுறது? நல்லா விரிவாச் சொல்லுங்க."

"நீயே நாலு வார்த்த இங்கிலீசுல அள்ளி விடு ஆத்தா. ஒனக்குத்தான் வருமே."

பதினோராவது கேள்வி வந்ததும் அவர் யோசிக்கவே இல்லை. "ஒம் பேரப் போடு. வேற யாரு இருக்கா?" என்றார். போட்டேன். என் படிவத்தில் அதே இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டேன். வேறென்ன எழுதுவது? அதுதானே உண்மை.

இரண்டு நாள் கழித்து, சென்னையிலிருந்து வந்திருந்த மனிதவளப் பிரிவு மேடம் எங்கள் அறைக்கு வந்தார். அக்கா மெஷின் பக்கம் போயிருந்தார். மேடம் என் மகளுக்கு என்ன வயது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "ஃபார்ம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் திறந்துதான் இருக்கும். பதினோராவது கேள்விக்கு நிறைய பேர் யோசிக்காம எழுதியிருக்காங்க. நீங்க ஒரு தடவை பாத்துக்கங்க" என்றார்.

அவர் எல்லாரிடமும் அதைச் சொன்னாரா, என்னிடம் மட்டும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வேலை அக்காவுக்குத் தெரியும். அக்காவின் வேலை எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்த அறைக்கு ஒருவர் போதும். அதை நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் வேலை பார்க்கும் கடையை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். மகளுக்குச் சோறு ஊட்டியபடியே, "நீ ஒன்னும் பொய் எழுத வேணாம். பேர எடுத்துரு. அவ்வளவுதான்" என்றார். நான் மகளின் வாயைத் துடைத்துவிட்டேன். "ஒன்னையத்தான் சொல்றேன். கேக்குதா?" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா சாப்பிடப் போனபோது என் படிவத்தைத் திறந்தேன். அக்காவின் பெயரை அழித்துவிட்டு, 'யாரும் இல்லை' என்று எழுதினேன்.

அக்காவின் படிவத்தையும் என்னால் திறந்திருக்க முடியும். அதற்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுத்ததே நான்தான். அவருடையதிலும் 'யாரும் இல்லை' என்று மாற்றியிருக்கலாம். ஒரே நாளில் இரண்டும் மாறினால் சந்தேகப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையிலேயே அந்தப் பயம்தான் காரணமா என்று பலமுறை யோசித்துவிட்டேன். பிடிபடவில்லை.

இப்போது என் வேலையைச் செய்ய யாரும் இல்லை. அக்காவின் வேலையைச் செய்ய நான் இருக்கிறேன். படிவம் அப்படித்தான் சொல்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. நான்கு மணிக்கு லாரி. நான் பையை எடுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றேன்.

"ஏன் நிக்கிற? வெரசா போ. பிள்ளையப் பாரு."

"இல்லக்கா, சான்றிதழ்..."

"நா என்ன செத்தா போயிட்டேன்? போ ஆத்தா!"

போனேன். மறுநாள் காலை மேடம் எங்கள் அறைக்கு வந்தார். "நேத்து ரெண்டு மணிக்கே கிளம்பிட்டீங்கபோல. நாலு மணி லாரிக்கு சான்றிதழ் யார் போட்டது?" என்று கேட்டார். அக்கா கருவியும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றார். மேடத்தின் கையில் அந்தத் தாளின் நகல் இருந்தது.

"நான்தான் மேடம். போறதுக்கு முன்னாடியே போட்டு வச்சிட்டேன்" என்றேன்.

மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டு போனார். அந்தத் தாளின் ஓரத்தில் அச்சான நேரம் இருக்குமே என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் ரப்பர் வாடை. "எனக்கு ஒன்னும் வந்துறக்கூடாதுன்னுதான அப்படிச் சொன்ன? நீ நல்லா இருப்படி" என்றார். அன்றைக்குத் தன் டப்பாவிலிருந்த கத்தரிக்காய் வதக்கலில் பாதியை எனக்கு வைத்தார். சாப்பிட்டேன்.

இப்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். மாத முடிவிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவார்களாம். கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று வேனில் எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் வரிசையில் அக்காவின் பெயர் இருக்கிறது. என் பெயர் எந்த நாளிலும் இல்லை. அக்கா அதையும் தப்பாகவே புரிந்துகொண்டார். "என்னைய மொதல்ல கூப்பிட்டுட்டாக. ஒனக்கு என்னைக்குன்னு கேட்டுட்டு வாரேன்" என்கிறார்.

அவருக்கு ஒரு மகள் நர்சிங் படிக்கிறாள். எனக்கு ஒரு மகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். நான் உண்மையைச் சொன்னால் எனக்கு வேலை இருக்காது. அதனால் அக்காவுக்கு இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. சொல்லாவிட்டால், அந்த அறையில் நான் தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் வேலையையும் செய்வேன். கண்ணாடிக்கு வெளியே நாற்காலிகள் இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். கூப்பிடப்பட்டவர்கள் இருப்பீர்கள், கூப்பிடப்படாதவர்களும் இருப்பீர்கள். இன்னும் சில நாள் இருக்கிறது. நான் முதலில் யாரிடம் போக வேண்டும், அக்காவிடமா, மேடத்திடமா? என்னவென்று ஆரம்பிக்க வேண்டும்? ஒரு வரியானாலும் போதும், எழுதிச் சொல்லுங்கள்.