கேபிள் ஒயரில் வந்த கரன்ட்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கேபிள் சேனல்கள் பார்க்கலாமென்று டிவி கார்டு வாங்கிப் பொருத்தினேன். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்ட தைரியத்தில் கேபிள் ஒயரின் முனையைப் பிடித்தேன். சுரீரென்று ஷாக் அடித்தது.

"பிளக்கதான் புடுங்கிட்டியே, அப்புறம் எப்டி அடிக்குது?" என்றார் கணவர். ஒயர் முனையில் டெஸ்டரை வைத்தேன். விளக்கு எரிந்தது!

அதே கேபிள்தான் மாடி வீட்டுக்கும் போகிறது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"எங்க டிவியத் தொட்டா ஒரு வாரமா லேசா சுர்ருங்குது. ஈரக்கைன்னு நெனச்சி, தொடச்சிட்டுத் தொடுறேன்" என்றார் மாடி வீட்டு அக்கா, சாவகாசமாக.

அந்த டிவியின் பிளக்கைப் பிடுங்கியதும், கீழே கணவர் ஒயரில் வைத்திருந்த டெஸ்டரும் அணைந்தது. அதில் கசிந்த கரன்ட்தான் கேபிள் வழியாக எங்கள் வீடு வரை வந்திருக்கிறது.

டிவி ரிப்பேருக்குப் போய்விட்டது. இப்போது கேபிள் ஒயரையும் டெஸ்டர் வைத்துப் பார்த்தே தொடுகிறேன். யாராவது 'ஈரக்கை' என்றால், துண்டு எடுத்துக் கொடுப்பதில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்கிறேன்.