அது இல்லாத பிரஷ்

சீப்பக்காவுக்கு அந்தப் பெயர் தலைமுடியால் வந்ததல்ல. பெயின்ட் பிரஷ் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் அவள் உட்கார்ந்திருந்த மேசையில், ஆணி ஆணியாகப் பல் நீட்டிக்கொண்டு ஓர் இரும்புச் சீப்பு இருந்தது. மூட்டை மூட்டையாக வரும் முடியை அதில் இழுத்துச் சிக்கெடுத்து, வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. நடுவில் ஒரே ஒரு முடி தலைகீழாகக் கிடந்தாலும் ரப்பர் கையுறைக்குள்ளிருந்தே அவள் விரல் கண்டுபிடித்துவிடும்.

முடி என்றால் பன்றி முடி. அந்த அறையில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேர் தொழுகிறவர்கள், மீதிப் பேர் அவர்களோடு பழகிப் பழகி அவர்களைப் போலவே பேசுகிறவர்கள். ஒருத்தி வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்ததில்லை. "கறுப்பு அது நாலு மூட்டை வந்திருக்கு, வெள்ளை அது ரெண்டுதான்" என்பார்கள். போகப் போக முதலாளியே சரக்கு நோட்டில் 'அது' என்று எழுத ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் கையுறையைக் கழற்றி, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சுவருக்குத்தானே அடிக்கப் போகிறது, தின்னவா போகிறது என்று ஒரு சமாதானம்.

அந்தச் சமாதானம் ஒரு ரொட்டிக் கடையில் உடைந்தது. ரொட்டி வாங்கப் போனவள், உள்ளே மாஸ்டர் சுடச்சுட ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவுவதைப் பார்த்தாள். அவர் கையில் இருந்தது அவர்கள் கம்பெனி பிரஷ். தகரப் பட்டையில் அடித்திருந்த முத்திரை வரைக்கும் அவளுக்குத் தெரிந்தது. வாங்காமலே திரும்பிவிட்டாள். வீட்டில் ரொட்டி எங்கே என்று கேட்ட கணவனுக்கு அன்று ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறைச்சிக் கூடத்தில் குப்பையாகக் கொட்டுகிற ஆட்டு முடியைக் கேட்டு வாங்கி வந்து, அலசி, வேகவைத்து, உலர்த்தி, சீவி, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பிரஷ் கட்டிப் பார்த்தாள். முதல் இருபது பிரஷ் முடி உதிர்த்தது. இருபத்தோராவது நின்றது. கூட ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஆறு பேரும் ஒன்றாகப் போய் வேலையை விடுவதாகச் சொன்னார்கள்.

முதலாளி கோபப்படவில்லை. "போங்கம்மா. நல்லா வரும்னு போறீங்க, வராமலும் போகலாம்ல. ரெண்டு மாசத்துக்கு உங்க ஆறு பேரு இடத்துலயும் ஆள் போடமாட்டேன். அதுக்கு மேல எனக்குத் தாங்காது" என்றார்.

அந்த மனுஷனை நினைத்து சீப்பக்கா ஒவ்வொரு தொழுகையிலும் ஒரு துஆ கேட்டாள். ஆனால் இரண்டு மாதம் ஓடியதே தெரியவில்லை. எந்த பேக்கரிக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: "மாவு ஹலால், வெண்ணெய் ஹலால். பிரஷ்ல என்னம்மா ஹலால்?" கெடு வரும் திங்கட்கிழமை முடிகிறது. சனியும் ஞாயிறும் சர்வதேச ஹலால் தொழில் கண்காட்சி. யாரோ வராமல் போன ஒரு மூலை ஸ்டால் பாதி வாடகைக்குக் கிடைத்தது. "இதுல ஒருத்தராவது ஆர்டர் குடுத்தா நிக்கிறோம். இல்லாட்டி திங்கக்கெழம எல்லாரும் பழைய மேசைக்குப் போயிடுவோம்" என்று ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

பேனர் அடித்தது கொழுந்தன். ஃப்ளெக்ஸ் கடையில் வேலை செய்கிறவன்.

"அண்ணி, இதுல அந்த வார்த்தைய போட்டே ஆகணும். அது இல்லாத பிரஷ்னு போட்டா எது இல்லாததுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். கேட்டா சொல்லிக்கிறேன். பிஸ்மில்லா சொல்லித் தொடங்குற எடத்துல அந்தப் பேரப் பெரிய எழுத்துல போடச் சொல்றியா?"

"நீங்க சொல்லிடுவீங்களா?"

"சொல்லாம?"

அவன் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தான். மேலே 'அது இல்லாத பிரஷ்'. வெளிநாட்டுக்காரர்கள் வருவார்களே என்று அதன் கீழே ஆங்கிலத்தில் 'விதவுட் இட்'.

சனிக்கிழமை காலை கண்காட்சிக் கூடம் திறந்தது. விமானம் நிறுத்துகிற அளவுக்குப் பெரிய கூடம். எங்கு பார்த்தாலும் ருசி பார்க்கத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெலட்டின் இல்லாத மிட்டாய், சாராயம் கலக்காத வெனிலா, மாத்திரை உறை, சோப்பு, சாக்லேட். ஜனம் தட்டிலிருந்து தட்டுக்குத் தாவியது. பிரஷை நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதே. வந்தவர்கள் பேனரை அண்ணாந்து பார்த்தார்கள்.

"எது இல்லாத பிரஷ்ங்க?"

"அதுதாங்க."

"எதுங்க?"

"அது. நாம சாப்பிடாதது."

"சர்க்கரையா?"

"இல்லீங்க."

"மைதா?"

"பிரஷ்ல எப்படிங்க மைதா இருக்கும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்று அவர் போய்விட்டார். நீண்ட வெள்ளை அங்கி போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர் ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, "விதவுட் வாட்?" என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "இட்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, பேனரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

பக்கத்து ஸ்டாலில் கூட்டம் நெரிந்தது. எட்டுக் கடை வைத்திருக்கும் பேக்கரிக்காரர். பன் பாய் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஹலால் சான்றிதழைச் சட்டம் போட்டு, கல்யாணப் போட்டோ மாதிரி நடுவில் மாட்டியிருந்தார். சின்ன அடுப்பிலிருந்து பன் வர வர, மேலே உருக்கிய வெண்ணெயைத் தடவிப் பளபளக்க வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா தங்கச்சி, நீ தனியா உக்காந்து ஈ ஓட்டுற. இந்தா, சாப்பிடு" என்று பத்து மணிக்கு ஒரு பன் கொண்டுவந்து வைத்தார். பதினொன்றுக்கு டீ. ஒரு மணிக்கு இன்னொரு பன். "பிரஷ் விக்கிறவ பசியோட இருந்தா என் பன்னுக்குத்தான் கெட்ட பேரு."

முதல் பன்னை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் சீப்பக்கா அவர் கையைப் பார்த்தாள். பிரஷ் வெண்ணெயில் முங்கி எழுந்து பன்னின் மேல் வளைந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டு முடி அப்படி விறைத்து நிற்காது. நைலான் அப்படி வெண்ணெயைப் பிடித்துவைக்காது. பன்னை டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஒருவர் பிழைப்பில் கை வைக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த பன்னும் பைக்குள் போனது. அன்று ஆர்டர் ஒன்றும் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

ஞாயிறு காலை பன் பாய் வந்து சேரும் முன்பே அவள் கூடத்துக்கு வந்துவிட்டாள். அவருடைய ஸ்டாலில் நேற்றுக் கழுவிக் கவிழ்த்த பிரஷ் காய்ந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. வெள்ளை அது. முதல் தரம்.

சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தாள். பன் பாய் வந்தார், கூடவே கூட்டமும் வந்தது. பன் போய்க்கொண்டே இருந்தது. ஒரு குழந்தை இரண்டாவது பன் கேட்டு அழுதது. பத்து மணிக்கு வழக்கம்போல பன்னோடு வந்தவர், மேசைக்கடியில் திறந்து கிடந்த பையைப் பார்த்துவிட்டார். நேற்றைய பன்கள் டிஷ்யூவோடு அப்படியே இருந்தன.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமேம்மா. இவ்ளோ பெரிய கூடத்துல என் பன்ன ஒளிச்சு வெச்சது நீ ஒருத்திதான்."

"ஐயோ பாய், பன்னுல ஒண்ணும் இல்ல. உங்க பிரஷ்."

"என் பிரஷ்ஷுக்கு என்ன? அசல் முடி. நைலான் சூட்டுல உருகிடும்னு தேடித் தேடி வாங்குறேன். உன் வியாபாரத்துக்கு என் பிரஷ்ஷக் குறை சொல்றியா?"

"அசல் முடிதான். எதோட முடி?"

"எதோடது?"

"அதோடது."

"எதும்மா?"

அவள் வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருஷம் வெளியே வராத சொல் இன்றைக்கும் வர மறுத்தது. பேனாவை எடுத்து, விளம்பரத் தாளின் பின்பக்கம் வரைய ஆரம்பித்தாள். குண்டாக ஒரு உடம்பு, நான்கு கால்.

பன் பாய் குனிந்து பார்த்தார். "யானையா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டி, சுருட்டி ஒரு வால் போட்டாள்.

"பெருச்சாளி."

"கொஞ்சம் பொறுங்க பாய்."

மூக்கை வட்டமாகப் போட்டு, நடுவில் இரண்டு புள்ளி வைத்தாள். பன் பாய் பேனரை அண்ணாந்து பார்த்தார், பிறகு தன் ஸ்டாலைத் திரும்பிப் பார்த்தார்.

அவரே போய்ப் பிரஷை எடுத்து வந்தார். சீப்பக்கா ஒரு முடியை உருவி, செல்போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினாள். நுனி மூன்றாகப் பிளந்திருந்தது. பக்கத்தில் தன்னுடைய ஆட்டு முடி ஒன்றை வைத்தாள். ஊசி போல ஒரே நுனி. "பிளந்திருக்கு பாத்தீங்களா, அதுலதான் பெயின்ட் நல்லா நிக்கும். நாங்க கட்டினதுதான் பாய். உங்க கையில இருக்கறது நானே சீவினதாக்கூட இருக்கலாம்."

அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சத்தம் போட்டுத் தன்னை விரட்டினாலும் நியாயம்தான் என்று பட்டது. பன் பாய் அடுப்பை அணைத்தார். தட்டை மூடினார். சான்றிதழைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் நின்றவர்களிடம், அதே பெரிய குரலில், "மன்னிச்சுக்கங்க. பிரஷ்ல ஒரு தப்பு இருக்கு. மாத்திட்டுத் தரேன், கொஞ்சம் நில்லுங்க. வேணாம்னு போறவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல" என்றார்.

"எத்தன வருஷமாத் தடவுறேன்" என்று அவளிடம் வந்து முணுமுணுத்தார்.

"தெரியாமச் செஞ்சதுதானே பாய். தெரியாததுக்கு அல்லாகிட்ட கேள்வி கிடையாது."

"இனிமே தெரியும்ல. குடு உன் பிரஷ்ஷ."

ஆட்டு முடி பிரஷ் வெண்ணெயைக் குடித்துக்கொண்டு பன்னின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. புதுத் தட்டு, புது வெண்ணெய், புது பன். அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல கோடே விழலயே" என்றார். இந்தத் தடவை அவர் கொடுத்த பன்னை சீப்பக்கா நின்ற இடத்திலேயே தின்றாள். நேற்றிலிருந்து பட்ட பசி.

அத்தோடு அவர் நிற்கவில்லை. மேசையில் கிடந்த அவளுடைய படத்தை எடுத்து, குறுக்கே சிவப்பு மார்க்கரில் பெரிதாக ஒரு கோடு இழுத்து, நாற்காலி போட்டு ஏறி, பேனரில் 'அது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

"பாய், இத இங்க ஒட்டலாமா?"

"யானைன்னு நெனச்சுக்கிட்டா எனக்குப் பொறுப்பில்ல."

கால் மணி நேரத்தில் கண்காட்சி அதிகாரி ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். "யாருங்க இந்தப் படத்த வெச்சது? இது எந்த மாதிரி கண்காட்சின்னு தெரியும்ல?"

"கோடு போட்டிருக்கே சார். கோடு இல்லன்னாத்தான் தப்பு" என்றார் பன் பாய். போனில் பிளந்த முடியைக் காட்டி நடந்ததைச் சொன்னதும் அதிகாரி படத்தை மறந்துவிட்டார். "எங்க வீட்டம்மா கேக் செய்றாங்க. அதுக்கு ஒரு பிரஷ் இருக்கு, இப்பவே எடுத்துட்டு வரச் சொன்னா பாத்துச் சொல்வீங்களா?" என்று கேட்டார்.

பிறகு கேட்க வேண்டுமா. பன் வரிசையில் நின்றவர்கள் அப்படியே இந்தப் பக்கம் திரும்பினார்கள். தங்கள் ஸ்டால் பிரஷைத் தூக்கிக்கொண்டு பிஸ்கட்காரர் வந்தார், இனிப்புக்காரர் வந்தார். நல்லது என்று சொல்லி இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள், நான்குக்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எது எந்த மூட்டையிலிருந்து வந்திருக்கும் என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. நேற்றுப் போட்டோ எடுத்த வெளிநாட்டுக்காரர் திரும்பி வந்து, படத்தை உற்றுப் பார்த்து, "ஓ, இட்" என்று இழுத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. முகவரி அட்டை கேட்டார்.

மாலையில் பன் பாய் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எட்டுக் கடைக்கும் சேர்த்து இருநூறு பிரஷ், ஒரு மாதத்துக்குள். "கூட்டத்துக்கு முன்னாடி என்ன நாறடிக்காம எங்கிட்ட மட்டும் சொன்ன பாரு, அதுக்கு இல்ல இது. பிரஷ் நல்லா இருக்கு, அதுக்கு" என்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே அவள் தாளை மடித்து வைத்தாள்.

கூடத்தில் ஸ்டால்களைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டாள்.

"முதலாளி, நாளைக்கு நாங்க வரல. எங்க இடத்துல ஆள் போட்டுக்கங்க."

"ஆறு பேர் வேலைக்கு வரலன்னு இவ்ளோ சந்தோஷமாச் சொல்ற ஆள நான் பாத்ததே இல்ல" என்றார். "சரி, நல்லா இருங்க. அந்த இரும்புச் சீப்பு இங்க சும்மா கெடக்கு. வேற யாருக்கும் அது சரிப்படாது. வந்து எடுத்துட்டுப் போ."

இந்த மனுஷனுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று அவள் யோசிப்பதற்குள் ஐந்து பேரும் வரிசையாக அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்தாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துடுங்க."

"எங்கக்கா, கம்பெனிக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நம்ம கொட்டகைக்கு."

யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு எல்லோரிலும் சின்னவள் கேட்டாள்: "அப்ப காலைல டீ யாரு போடுறது?"

"நீதான்" என்றார்கள் மற்ற நான்கு பேரும்.